ஹாரிமன் ஏழு ஏரிச் சாலை: ஸ்லோட்ஸ்பர்க்கிலிருந்து எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

#1 முன்சக்கரம்

நியூயார்க் மாநிலத்தின் ஹாரிமன் பூங்காவில் ரோடு பைக் ஓட்ட வழி கேட்கிறேன். சமதளத்தில் 40 மைல் பிரச்சினை இல்லை, மலை ஏற்றம் புதிது. வண்டி ஊரிலிருந்து கொண்டுவந்தது: முன்னால் 50/34 பல், பின்னால் கேசட் (பல்சக்கர அடுக்கு) 11-28 பல், டயர் 25 மி.மீ., சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக். காரை ஸ்லோட்ஸ்பர்க்கில் விட்டுவிட்டுச் செவன் லேக்ஸ் டிரைவில் ஏறி, ரூட் 106 வழியாகச் சவுத்ஃபீல்ட்ஸ் இறங்கி, ரூட் 17-இல் திரும்பும் வட்டம் எல்லோரும் சொல்வது. அதை எந்தத் திசையில் ஓட்டுவது? முடிந்தால் அன்றே பேர் மவுண்டன் உச்சியையும் சேர்க்கலாமா?

#2 ராமபோ_ராசா

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சேர்க்காதீர்கள், முதல் நாளில் வேண்டாம். காரணம் கால் வலி இல்லை, சாலை. செவன் லேக்ஸ் டிரைவ் ஸ்லோட்ஸ்பர்க்கிலிருந்து பேர் மவுண்டன் வரை ஏறத்தாழ 18 மைல் ஒரே பெயரில் ஓடுவது போல வரைபடத்தில் தெரியும். சில்வர்மைன் தாண்டிக் குயீன்ஸ்போரோ பக்கம் இறங்கியதும் பாலிசேட்ஸ் பார்க்வேயும் ரூட் 6-உம் வந்து கலக்கின்றன. கார்கள் நெடுஞ்சாலை வேகத்தில் பிரிகிற, சேர்கிற இடம் அது. பார்க்வே சைக்கிளுக்கான சாலை இல்லை. பலகையைப் படிக்காமல் நேராகப் போனால் அதற்குள் போய் நிற்பீர்கள். பேர் மவுண்டனைத் தனி நாளாக, ஹட்சன் ஆற்றுப் பக்கமிருந்து போங்கள்.

இப்போது வட்டம். தூரம் இப்படி:

ஸ்லோட்ஸ்பர்க் – கனவாக்கி ரவுண்டானா: சுமார் 8 மைல்
அங்கிருந்து 106-இல் சவுத்ஃபீல்ட்ஸ்: 4 மைல் பக்கம்
ரூட் 17-இல் டக்சிடோ வழியே ஸ்லோட்ஸ்பர்க்: 6, 7 மைல்

மொத்தம் 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்காமல் ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும்.

என் ஓட்டு, செவன் லேக்ஸில் ஏறி 17-இல் திரும்புவதற்கு. ஸ்லோட்ஸ்பர்க் தாண்டி ஒன்றரை மைல் சும்மா உருட்டலாம். ரீவ்ஸ் மெடோ வரை கால் சூடாகும். அதன் பிறகு சிபாகோ ஏரி அணை வரை ஏற்றம், ஆனால் ஒரே சீராக ஏறும். சிபாகோவிலிருந்து கனவாக்கி வரை ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி. அப்புறம் 106 இறக்கம். ரூட் 17-இல் ராமபோ ஆறு உங்களோடேயே தெற்கே ஓடும். ஆறு போகும் திசை என்றால் இறக்கம்தானே. களைத்த காலுக்குக் கடைசி ஆறு மைல் சலுகை.

#3 எடிசன்காரி

ராசா அண்ணே, ஏற்றக் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டீர்கள். திருப்பங்களை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் திசையில் 106-இல் வேகமாக இறங்கி வந்து, ரூட் 17-இல் இடப்புறம் திரும்ப வேண்டும். அதாவது வடக்கே போகிற சாரியைக் குறுக்கே கடந்து தெற்குச் சாரியில் சேர வேண்டும். இறக்க வேகம், குளிர்ந்த கை, வேகமாக வரும் கார்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன. எதிர்த்திசையில் போனால் ஸ்லோட்ஸ்பர்க்கிலிருந்து 17-இல் வடக்கே, சவுத்ஃபீல்ட்ஸில் வலம், கனவாக்கியில் வலம், கடைசியில் ஊருக்குள் வரும்போது ஒரே ஒரு இடப்புறத் திருப்பம். அதுவும் கார்கள் மெதுவாகப் போகும் இடத்தில்.

இன்னொன்று: காலை ஏழு மணிக்கு ரூட் 17 காலியாக இருக்கும், பதினொன்றுக்கு இருக்காது. மோசமான சாலையைக் காலையிலேயே முடித்துவிடுவதுதான் புத்தி.

#4 ராமபோ_ராசா

நியாயம்தான். ஆனால் சவுத்ஃபீல்ட்ஸ் பக்க ஏற்றம் குட்டை, நெட்டு. 34-க்கு 28 கியர் வைத்திருக்கும் புது ஆளை அதில் ஏற்றிவிட்டால் பாதியில் இறங்கித் தள்ளுவார்.

#5 கேசட்32

தள்ளுவாரா இல்லையா என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

700-க்கு 25 அளவு டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் போகும். 34 பல்லை 28 பல் வகுத்தால் 1.21. பெடல் ஒரு சுற்றுக்கு 2.55 மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 12 கி.மீ. சுற்று 60-க்கு இறங்கினால் 9 கி.மீ. அதற்குக் கீழே போனால் முட்டிதான் வேலை செய்யும்.

5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 12 கி.மீ. போக, 75 கிலோ ஆளும் 9 கிலோ வண்டியும் என்றால் 160 வாட் பக்கம் வேண்டும். ஒழுங்காக ஓட்டுபவருக்கு அது முடியும். அதே ஆள் 8 சதவீதத்தில் அதே 160 வாட் கொடுத்தால் வேகம் 8 கி.மீ.க்கு இறங்கிவிடும், 28 பல்லில் அது நிமிடத்துக்கு 50 சுற்று. கேசட்டை 11-32 ஆக்கினால் 57 ஆகும், 11-34 போட்டால் 60-ஐத் தாண்டும்.

மாற்றும்போது பார்க்க வேண்டியது பின் டிரெய்லர் (derailleur), அதாவது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி. குட்டைக் கூண்டு டிரெய்லர்கள் பல 28 அல்லது 30 பல்லோடு நின்றுவிடும். 32, 34 போடுவதற்கு நடுத்தரக் கூண்டு வேண்டும். செயினும் பழைய நீளத்திலேயே இருந்தால், பெரிய பல்லுக்குப் பெரிய பல் போட்ட கணத்தில் இழுத்துப் பிடித்து, டிரெய்லர் கொக்கி முறியும். கேசட் மாற்றினால் செயினையும் அளந்து போடுங்கள்: டிரெய்லருக்குள் நுழைக்காமல் முன்னால் உள்ள பெரிய செயின்ரிங், பின்னால் உள்ள பெரிய ஸ்ப்ராக்கெட் இரண்டையும் சுற்றிப் பிடித்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி.

#6 பழைய_ஸ்டீல்

"ஊரிலிருந்து கொண்டுவந்த வண்டி" என்றதை யாரும் கவனிக்கவில்லையே. அதுதான் இந்த இழையிலேயே முக்கியமான வரி.

இந்தியாவில் விற்கும் வண்டிகளில் முன் பிரேக் பொதுவாக வலது கையில். அமெரிக்காவில் விற்பவற்றில் இடது கையில். தன் வண்டியிலேயே ஓட்டினால் சிக்கல் இல்லை. நண்பரிடம் இரவல் வாங்கினாலோ, வாடகைக்கு எடுத்தாலோ, இங்குள்ள கடையில் கேபிள் மாற்றக் கொடுத்து அவர்கள் "சரி" செய்துவிட்டாலோ, ரீவ்ஸ் மெடோ இறக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை அழுத்துவீர்கள். புறப்படும் முன் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு லீவராகப் பிடித்துப் பாருங்கள். பத்து விநாடி வேலை.

ரவுண்டானாவும் அப்படித்தான். இங்கே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பார்வை இடப்பக்கம் போக வேண்டும். உள்ளே இருப்பவருக்கு வழி விட்டு நுழையுங்கள். கனவாக்கியிலும் டியோராட்டியிலும் ஓரத்தை ஒட்டிச் சுற்றாதீர்கள். ஓரத்தில் போனால் நீங்கள் அடுத்த வாயில் வெளியேறப் போகிறீர்கள் என்று நினைத்துக் கார் உங்கள் முன்னால் மடிக்கும். சாரியின் நடுவில் ஓட்டி, கை காட்டி வெளியேறுங்கள்.

#7 முன்சக்கரம்

பிரேக் விஷயம் தெரியாது, நன்றி. கேசட் மாற்றிவிடுகிறேன். டயர் 25 போதுமா?

#8 கேசட்32

ஃபிரேமில் இடம் இருந்தால் 28. ரிம் பிரேக் காலிப்பர்களில் (பிரேக் கவ்விகளில்) சில 28-ஐ ஏற்கும், சில 25-லேயே உரசும். டயரை ஏற்றி, சக்கரத்தைச் சுற்றி, காலிப்பர் அடியில் 4 மி.மீ. இடைவெளி இருக்கிறதா பாருங்கள். 75 கிலோ ஆளுக்கு 28-இல் காற்றழுத்தம் முன்னால் 65, பின்னால் 70 பி.எஸ்.ஐ. போதும். 25 என்றால் 80, 85.

100 வரை அடைத்து வராதீர்கள். குளிர்காலத்தில் தார் அடியில் நீர் உறைந்து சாலையைத் தூக்கிவிடும். வசந்தத்தில் அது குறுக்குவெடிப்பாகவும் ஒட்டுப்போட்ட மேடாகவும் நிற்கும். கல் மாதிரி அடைத்த டயர் இறக்கத்தில் அதன் மேல் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிரேக் கிடையாது. ரொம்பக் குறைத்தால் வேறு வினை: பள்ளத்து விளிம்பில் டியூப் ரிம்மோடு நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும்.

எடுத்துவர வேண்டியது: டியூப் இரண்டு, லீவர் இரண்டு, சின்னப் பம்ப், 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்று. ரிம் உயரமானது என்றால் வால்வு 60 மி.மீ. வேண்டும், 40 மி.மீ. டியூபை வைத்துக்கொண்டு காட்டில் நின்று பயன் இல்லை. அந்த வாயு ரப்பர் வழியாகச் சீக்கிரம் கசியும், அதனால் வீட்டுக்கு வந்ததும் சாதாரணக் காற்றாக மாற்றிவிடுங்கள். டயரே கிழிந்தால் ஒரு டாலர் நோட்டை நான்காக மடித்து உள்ளே வையுங்கள். அது பருத்தியும் லினனும் கலந்தது, சாதாரணக் காகிதம் மாதிரிக் கிழியாது.

#9 நயாக்_டீக்கடை

கைபேசியை நம்பி வராதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரிகளுக்கு நடுவே பல இடங்களில் சிக்னல் இல்லை. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய ஜி.பி.எஸ். தடங்களையும் அப்படியே ஓட்ட வேண்டாம். 2023 ஜூலை 9 மழை வெள்ளத்தில் இந்தப் பூங்காச் சாலைகள் பல இடங்களில் அரித்துப் போயின. அதற்கு முந்தைய தடத்தில் நல்ல சாலை என்று இருப்பது இன்றைக்கும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பூங்காத் துறையின் பக்கத்தில் மூடிய சாலைகளின் பட்டியல் வரும்; முந்தின இரவு பாருங்கள்.

#10 எடிசன்காரி

தண்ணீர் பற்றி. வட்டத்தின் மேல்பாதியில் கடை எதுவும் இல்லை. 750 மி.லி. பாட்டில் இரண்டு, கோடையில் இரண்டையும் நிரப்பி. சிபாகோ ஏரியில் குளிக்கும் கரை (பீச்) என்று பழைய வரைபடம் காட்டும். 2011 ஐரீன் புயலுக்குப் பிறகு அது மூடப்பட்டது, அங்கே குழாய் தேடிப் போகாதீர்கள். குளிக்கும் கரை என்று இன்று சொல்லத்தக்கவை டியோராட்டி, வெல்ச் ஏரிகள் இரண்டும்தான். அவையும் கோடையில் மட்டும். ஸ்லோட்ஸ்பர்க் ஊருக்குள்தான் உருப்படியான கடைகள்.

உண்ணி! சாப்பிட நின்றால் புல்லில் உட்காராதீர்கள், பாறையில் உட்காருங்கள். லைம் நோய் பரப்பும் உண்ணி இந்த மலைகளில் நிறைய. வீட்டுக்கு வந்து முட்டிக்குப் பின்னால், சாக்ஸ் விளிம்பு, இடுப்புப் பட்டை எல்லாம் தடவிப் பாருங்கள்.

வெயில் ஏறின பிறகு சாலையில் கிளை மாதிரி கிடப்பது கிளையாகவே இருக்க வேண்டியதில்லை. விரியன் வகைப் பாம்புகள் இரண்டு இங்கே உண்டு, ஒன்று கிலுகிலுப்பை வாலி. சுற்றி ஓட்டுங்கள், நின்று படம் எடுக்காதீர்கள்.

#11 ராமபோ_ராசா

திசைச் சண்டைக்குத் திரும்புகிறேன். எடிசன் தோழி சொன்ன எதிர்த்திசையில் ஒரு ஓட்டை இருக்கிறது. சிபாகோவிலிருந்து இறங்கும்போது சரியாக ரீவ்ஸ் மெடோவில் வேகம் உச்சத்தில் இருக்கும். அதுதான் நடைபயணிகளின் கார் நிறுத்துமிடம். சனி, ஞாயிறு ஒன்பது மணிக்கு மேல் நிரம்பிவிடும். அதன் பிறகு இடம் தேடித் திரும்புகிற கார், கதவைத் திறக்கிற கார், சாலையைக் கடக்கிற குழந்தை. 55 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்கு அங்கே ஒரு விநாடியில் 15 மீட்டர் போய்விடும்.

#12 எடிசன்காரி

ஏழுக்குப் புறப்பட்டால் ஒன்பதுக்குள் அங்கே வந்துவிடலாம். ஆனால் ஒத்துக்கொள்கிறேன், அந்த இறக்கத்தின் கடைசி அரை மைலைப் பிரேக் மேல் கை வைத்தே ஓட்ட வேண்டும்.

#13 பழைய_ஸ்டீல்

ரிம் பிரேக் என்பதால்: தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் சூடேறும், கை மரத்துப்போகும். திருப்பத்துக்கு முன் நேரான இடத்தில் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, திரும்பி, மறுபடி அழுத்துங்கள். ரிம் கார்பன் என்றால் அதற்கேற்ற பிரேக் கட்டையா என்று பாருங்கள். அலுமினியத்துக்கான கட்டையில் உலோகத் தூள் ஒட்டிக்கொண்டு கார்பனைச் சுரண்டும். மழை பெய்திருந்தால் முதல் இரண்டு மூன்று சுற்று பிரேக் பிடிக்காது, ரிம்மைத் துடைக்கும் அவ்வளவுதான். அதற்கும் சேர்த்து முன்னாலேயே தொடங்குங்கள்.

அக்டோபரில் இலை பழுக்கும் வாரங்களில் ஈர இலை சோப்பு மாதிரி. அந்த வார இறுதிகளில் நியூயார்க்கே காரில் வந்து நிற்கும். இலை பார்க்க வேண்டும் என்றால் செவ்வாய், புதன் வாருங்கள்.

#14 நயாக்_டீக்கடை

இரண்டு பேரும் சண்டை போடும் வட்டத்தையே விட்டுவிட்டு மூன்றாவது வழி சொல்லட்டுமா? ரூட் 17 வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு.

ஸ்லோட்ஸ்பர்க்கிலிருந்து கனவாக்கி வரை ஏறி, அங்கே 106-இல் கிழக்கே திரும்பி வெல்ச் ஏரி. அங்கிருந்து லேக் வெல்ச் டிரைவில் வடகிழக்கே இறங்கி, டியோராட்டி புரூக் ரோட்டில் ஓடையோடு ஏறி, டியோராட்டி ரவுண்டானா. பிறகு செவன் லேக்ஸில் தெற்கே, டியோராட்டி ஏரிக்கரை, அஸ்கோட்டி, ஸ்கன்னடாட்டி இரண்டுக்கும் நடுவே போகும் சாலை, மறுபடி கனவாக்கி. உள்வட்டம் மட்டும் 10, 12 மைல். ஏறி இறங்கும் வாலையும் சேர்த்தால் 27 மைல் பக்கம். ஏரி பார்க்கத்தானே வருகிறீர்கள், உள்வட்டத்திலேயே ஐந்து ஏரி கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கை. லேக் வெல்ச் டிரைவ் நேராகப் பாலிசேட்ஸ் பார்க்வேயில் கொண்டுபோய் விடும். அதற்கு முன்பே டியோராட்டி புரூக் ரோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இறக்க வேகத்தில் பலகையைத் தவறவிடுவது எளிது. டியோராட்டி புரூக் ரோடு குறுகல், தளம் கரடு. 28 டயர் போட்டவருக்குச் சுகம், 23 போட்டவருக்குத் தண்டனை. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

டியோராட்டியிலிருந்து மேற்கே ஆர்டன் வேலி ரோட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ரூட் 17 பக்கம் அது செங்குத்தாக விழும் சாலை, வளைவுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது.

#15 முன்சக்கரம்

மலைப்பாதைகளில் குறுக்கே போக முடியுமா? வரைபடத்தில் நிறைய மண்சாலை தெரிகிறது.

#16 ராமபோ_ராசா

கூடாது. ஹாரிமன் நடைபாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அப்பலேச்சியன் தடத்தின் முதல் பகுதி 1923-இல் திறக்கப்பட்டது இங்கேதான், நடப்பவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நீங்கள் ஓட்டும் சாலையை அந்தத் தடம் குறுக்கே வெட்டும் இடங்கள் உண்டு. முதுகுமூட்டை ஆட்கள் காட்டிலிருந்து திடீரென்று வெளியே வருவார்கள். மணி வையுங்கள், நியூயார்க் சட்டப்படியும் கட்டாயம். ராக்லாண்ட் கவுண்டியில் பெரியவர்களுக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஜோடியாக ஓட்டலாம், பின்னால் கார் வந்தால் ஒற்றை வரிசை.

#17 கேசட்32

பேர் மவுண்டன் தனி நாள் என்றீர்களே, அதற்கும் வழியைப் போட்டுவிடுங்கள். அவர் எப்படியும் கேட்பார்.

#18 நயாக்_டீக்கடை

இரண்டு நுழைவு.

ஒன்று, நயாக்கிலிருந்து ஹேவர்ஸ்ட்ரா, ஸ்டோனி பாயின்ட், ஜோன்ஸ் பாயின்ட் என்று ரூட் 9டபிள்யூவில் ஆற்றோரமாக வடக்கே. நியூயார்க் நகர ஆட்கள் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலிருந்தே இப்படித்தான் வருவார்கள். போய்வர 80 மைல் பக்கம். 2011-இல் தொடங்கிய கிரான் ஃபோண்டோ நியூயார்க் பந்தயமும் இந்த மலையைத்தான் ஏறுகிறது.

இரண்டு, மெட்ரோ-நார்த் ரயிலில் பீக்ஸ்கில் இறங்கி, ரூட் 6, 202 சாலையில் ஆற்றுக்கு மேல் பாறையைக் குடைந்த வளைவுகள் வழியே பேர் மவுண்டன் பாலம். ஆறேழு மைல்தான், ஆனால் ஓரம் கிடையாது. போகும்போது நீங்கள் பாறைப் பக்கம், திரும்பும்போது ஆற்றுப் பக்கம். காலை சீக்கிரம் போய் வேறு வழியில் திரும்புங்கள். 1924-இல் திறந்த அந்தப் பாலத்தில் சைக்கிள் போகலாம்.

பாலத்தடி ரவுண்டானாவிலிருந்து உச்சி 4 மைல், 1,100 அடி. முதல் பாதி செவன் லேக்ஸ் டிரைவ், பிறகு வலப்பக்கம் பிரியும் பெர்க்கின்ஸ் மெமோரியல் டிரைவ். சராசரி 5 சதவீதம் சொச்சம். கேசட் அண்ணன் கணக்குப்படி மணிக்கு 11, 12 கி.மீ. என்றால் முப்பத்தைந்து நிமிடம். ஏறத் தொடங்கும்போதே வேகம் காட்டுகிறவர்கள் பெர்க்கின்ஸ் திருப்பத்தில் தீர்ந்துபோய் நிற்பார்கள். முதல் பாதியில் பேச்சு வரும் அளவுக்கு மூச்சு இருக்கட்டும். இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் காட்சி பார்க்கிற கார் நடுச்சாலையில் வரும். உங்கள் பக்கத்தை விட்டு வெளியே சாயாதீர்கள். மேலே காற்று குளிரும், சட்டைப் பையில் ஒரு காற்றுத்தடுப்புச் சட்டை.

#19 பழைய_ஸ்டீல்

கார் இல்லாமல் ஸ்லோட்ஸ்பர்க் வருகிறவர்களுக்கு: போர்ட் ஜெர்விஸ் தடத்து ரயில் அங்கே நிற்கும், நியூஜெர்சி பக்கத்தவர்கள் செக்காக்கஸில் மாறலாம். வார நாட்களில் நெரிசல் நேர ரயிலில் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். வார இறுதியில் ரயில் குறைவு, ஒன்றை விட்டால் நீண்ட காத்திருப்பு. திரும்பும் ரயில் நேரத்தை முதலில் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

#20 முன்சக்கரம்

எல்லோருக்கும் நன்றி. முடிவு: முதல் தடவை நயாக் அண்ணன் சொன்ன வெல்ச் – டியோராட்டி வட்டம், கேசட் 11-32, ஞாயிறு காலை ஆறரைக்குப் புறப்பாடு. 17 வட்டம் அடுத்த தடவை, எடிசன் தோழி சொன்ன திசையில்.

#21 ராமபோ_ராசா

பரவாயில்லை, தோற்றுவிட்டேன். ஆனால் உள்வட்டத்திலும் கடைசியில் ரீவ்ஸ் மெடோ இறக்கம்தானே வருகிறது? அங்கே வரும்போது மணி ஒன்பது ஆகியிருக்கும். கடைசி அரை மைல், கை பிரேக்கில்.

#22 பழைய_ஸ்டீல்

இடது கையா வலது கையா என்று கிளம்பும் முன் பாருங்கள்.